அளவுகோலும் அறமும்

மனிதன் மனிதனோடு கூடி வாழத் தொடங்கிய நாளிலேயே அளவும் பிறந்துவிட்டது. தனித்து வாழ்பவனுக்கு அளவு வேண்டியதில்லை. அவன் தன் பசிக்கு உண்பான், தன் உடலுக்கு உடுப்பான். கொடுப்பவர் ஒருவர், கொள்பவர் ஒருவர் என இருவர் எதிரெதிரே நிற்கும்போதுதான் நாழியும் கோலும் தராசும் தேவைப்படுகின்றன. அளவு என்பது அந்த இருவருக்கும் நடுவே நிற்கும் மூன்றாவது சாட்சி. அந்தச் சாட்சி பொய்யுரைத்தால் இழப்பவர் பெரும்பாலும் ஏழையே. இதனால்தான் கள்ளத் தராசை விவிலியம் அத்தனை கடுமையாகக் கண்டிக்கிறது. நடுவுநிலைமையைப் பற்றிச் சொல்ல வந்த வள்ளுவரும் துலாக்கோலையே உவமையாக எடுத்துக் கொண்டார்.

நம்மிடையே இன்று இரண்டு அளவை முறைகள் ஒரே கூரையின்கீழ்க் குடியிருக்கின்றன. துணியை மீட்டரில் வாங்குகிறோம். அதைத் தைப்பவர் அங்குலத்தில் அளவெடுக்கிறார். சாலையில் கிலோமீட்டர், உயரத்திற்கு அடி. நிலத்தின் பட்டா ஹெக்டேரிலும் ஏரிலும் பேசுகிறது. விற்பவரும் வாங்குபவரும் ஏக்கரிலும் சென்டிலும் பேசுகிறார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது வெறும் பெருக்கல் கணக்கு என்றே பலரும் நினைக்கிறோம். அந்தக் கணக்கின் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் இரத்தமும் உண்டு, கண்ணீரும் உண்டு.

ஊருக்கொரு கோல்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிரான்சு நாட்டில் ஏறத்தாழ 800 பெயர்களில் 2,50,000 வெவ்வேறு அளவுகள் வழக்கில் இருந்தன என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுவர். பெயர் ஒன்றாக இருக்கும்; ஊர் மாறினால் அளவு மாறிவிடும். தானியம் அளக்கும் கலத்தின் கொள்ளளவை நிர்ணயிக்கும் உரிமை பல இடங்களில் நிலப்பிரபுவின் கையில் இருந்தது. குத்தகை வாங்கும்போது குவித்து அளப்பதும், விற்கும்போது தலைதட்டி அளப்பதும் ஏய்ப்பின் எளிய வழிகள். 1789-இல் மக்கள் தங்கள் குறைகளை எழுதி அரசுக்கு அனுப்பியபோது, நாடெங்கும் ஒரே எடை, ஒரே அளவு வேண்டும் என்ற கோரிக்கை மீண்டும் மீண்டும் இடம்பெற்றது. அப்பத்திற்காகக் குரல் எழுப்பிய அதே மக்கள், அந்த அப்பத்தின் மாவை அளக்கும் படிக்காகவும் குரல் எழுப்பினார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இந்தக் கனவுக்கு முதலில் எண்வடிவம் தந்தவர்களுள் ஒரு குருவானவரும் உண்டு. லியோன் நகரில் புனித பவுல் ஆலயத்தில் பணியாற்றிய கபிரியேல் மூத்தோன், 1670-இல் வெளியிட்ட நூலில், அளவையை எந்த அரசனின் பாதத்திலிருந்தும் எடுக்க வேண்டாம், பூமியிலிருந்தே எடுப்போம் என்னும் கருத்தை முன்வைத்தார். பூமியின் வடதென் வளையத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கை அடிப்படை நீளமாகக் கொண்டு, அதனைப் பத்துப் பத்தாகப் பகுத்துச் செல்ல வேண்டும் என்பது அவர் திட்டம். கடலோடிகள் இன்றும் பயன்படுத்தும் 1,852 மீட்டர் கடல் மைல் ஏறத்தாழ அதே நீளமே. மூத்தோன் கூறியது செயல் வடிவம் பெற நூற்றிருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

புரட்சியின் நடுவே ஓர் அளவை

1790-இல், அப்போது ஓட்டூன் மறைமாவட்டத்தின் ஆயராக இருந்த தாலேரான், புதிய அளவை முறை வேண்டும் என்று தேசிய மன்றத்தில் முன்மொழிந்தார். மறு ஆண்டு அறிவியல் கழகத்தின் குழு ஒரு முடிவுக்கு வந்தது. வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவின் ஒரு கோடியில் ஒரு பங்கே புதிய நீள அளவு. அதற்கு மீட்டர் என்று பெயரிட்டனர். அந்த நீளத்திலிருந்தே கொள்ளளவும், அக்கொள்ளளவு நீரிலிருந்தே எடையும் பிறக்கும். நீளமும் கொள்ளளவும் எடையும் இவ்வாறு ஒரே வேரின் கிளைகளாயின.

எடைக்கு அடிப்படையாக, குறிப்பிட்ட கன அளவுள்ள தூய நீரின் எடையைக் கண்டறியும் பணி இருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒருவர் நவீன வேதியியலின் தந்தை லவாய்சியர். மற்றவர் நெசவாளர் ஒருவரின் மகனாகப் பிறந்து குருவான ரெனே ஜுஸ்த் ஹவுயி. படிகங்களின் அமைப்பை ஆராய்ந்து புகழ் பெற்றவர். திருச்சபையைத் தனக்குக் கீழ்ப்படுத்தப் புரட்சி அரசு கேட்ட உறுதிமொழியை ஹவுயி அளிக்க மறுத்தார். 1792 ஆகஸ்டில் சிறைப்படுத்தப்பட்டார். செப்டம்பர் மாதம் பாரிசுச் சிறைகளில் குருக்கள் கொன்று குவிக்கப்படுமுன், அவரிடம் பற்றுக் கொண்ட இளம் அறிஞர் ஜியோப்ராய் செயின்ட் இலேரின் முயற்சியால் விடுதலை பெற்றார். உயிர் தப்பியவர் மீண்டும் ஆய்வுக்கூடத்திற்கே திரும்பினார்.

1793 நவம்பரில் லவாய்சியர் சிறைப்பட்டார்; அவர் முன்பு வரி வசூல் குத்தகைதாரராக இருந்ததே காரணம். அவரை விடுவிக்குமாறு அளவைக் குழுவின் சார்பில் போர்தாவும் ஹவுயியும் விண்ணப்பம் எழுதினர். தலைக்குக் கத்தி தொங்கிய காலம் அது. உறுதிமொழி மறுத்த குரு ஒருவர், சிறையிலிருக்கும் வேறொருவருக்காகக் கையெழுத்திடுவது எத்தகைய துணிவு! விண்ணப்பம் பயனளிக்கவில்லை. 1794 மே 8-ஆம் நாள் லவாய்சியர் கில்லட்டினுக்கு இரையானார். நாம் இன்று கடையில் ஒரு கிலோ சர்க்கரை கேட்கும்போது, அந்த எடையை முதலில் தேடியவருள் ஒருவரது தலை வெட்டுண்டதை யார் நினைக்கிறோம்?

கோபுரங்களின்மீது அறிவியல்

நீளத்தை அளக்கும் பணி இன்னும் கடினமானது. வடக்கே டன்கர்க் முதல் தெற்கே ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா வரை பூமியை அளக்க 1792-இல் தெலாம்பரும் மெஷேனும் புறப்பட்டனர். உயர்ந்த இடங்களிலிருந்து கோணங்களை அளந்து, முக்கோணங்களைச் சங்கிலிபோல் கோத்துச் செல்லும் முறை அது. அந்நாட்டில் எங்கும் கிடைத்த உயர்ந்த இடங்கள் ஆலயக் கோபுரங்களே. ஓரூரில், தொலைவிலிருந்து தெரிவதற்காகக் கோபுரத்தின்மேல் வெள்ளைத் துணி போர்த்தினார் தெலாம்பர். வெள்ளை அரச குடும்பத்தின் நிறமல்லவா? ஊரார் ஐயுற்றனர். சிவப்பையும் நீலத்தையும் சேர்த்துத் தைத்த பிறகே அமைதி திரும்பியது.

மெஷேனின் கதை உள்ளத்தைத் தொடுவது. பார்சிலோனாவில் அண்மையிலுள்ள இரண்டு இடங்களிலிருந்து அவர் விண்மீன்களை நோக்கிக் கணித்த அட்சரேகைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வேறுபாடு மூன்று விகலை அளவே. மிகச் சிறியது, ஆனால் அவரால் அதைத் தாங்க முடியவில்லை. அதை வெளியில் சொல்லவும் துணியவில்லை. அந்த முரண்பாட்டை மறைத்தார். மறைத்ததன் சுமையை ஆண்டுக்கணக்கில் தனியே சுமந்தார். மீண்டும் அளந்து திருத்துவதற்காக ஸ்பெயினுக்குச் சென்றவர், 1804-இல் அங்கே காய்ச்சல் கண்டு இறந்தார். அவருடைய ஏடுகளைப் பின்னர் ஆராய்ந்த தெலாம்பருக்கே உண்மை தெரிந்தது. கவனக்குறைவு அன்று அது. கருவியின் இயல்பும், காற்றுமண்டலத்தில் ஒளி வளைவதும் அத்தகைய வேறுபாட்டை உண்டாக்கக்கூடும் என்பதைக் கணக்கிடும் வழி அன்று முதிர்ச்சி பெறவில்லை. எந்த அளவிலும் ஒரு சிறு பிழை தவிர்க்க முடியாதது என்பதை ஒப்புக்கொண்டு, அதன் எல்லையைக் கூறுவதே நேர்மை என்ற பாடத்தை அறிவியல் உலகம் அதன்பின் மெல்லக் கற்றது.

1799-இல் பிளாட்டினக் கோல் ஒன்று மீட்டரின் மூலப்படியாகப் பாரிசு ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டது. பூமி ஒழுங்கான உருண்டையன்று ஆதலால், அது கருதிய நீளத்தைவிட ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. ஆயினும் உலகம் அதையே ஏற்றது. அளவையில் முழுமையைவிட ஒருமைப்பாடே பெரிது.

மக்கள் உடனே ஏற்றனரா? இல்லை. 1812-இல் நெப்போலியன் பழைய பெயர்களை மீண்டும் அனுமதித்தான். 1840 சனவரி முதல்தான் பிரான்சில் மெட்ரிக் முறை முற்றாகக் கட்டாயமாயிற்று. 1875 மே 20-இல் பதினேழு நாடுகள் மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. மக்களுக்காகப் பிறந்த முறையை மக்கள் ஏற்க அரை நூற்றாண்டு பிடித்தது.

தீயில் எரிந்த கஜம்

ஆங்கிலேயர் தங்கள் வழியில் சென்றனர். 1824-இல் இயற்றிய சட்டத்தால் அடி, கஜம், பவுண்டு, காலன் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தினர். பேரரசு முறை என்ற பெயர் அதன்பின் நிலைத்தது. நெடுங்காலம் அந்த மூலக் கஜக்கோல் அமைதியாக இருக்கவில்லை. பழங்காலத்தில் கணக்கு வைப்பதற்குப் பயன்பட்ட மரக்குச்சிகள் நாடாளுமன்றக் கட்டடத்தில் குவிந்து கிடந்தன. 1834 அக்டோபர் 16-ஆம் நாள் அவற்றை அடுப்பிலிட்டு எரித்தபோது, தீ பரவி நாடாளுமன்றமே சாம்பலாயிற்று. மூலக் கஜமும் பாழாயிற்று. வழக்கொழிந்த கணக்கு, வழக்கிலிருந்த அளவை எரித்துவிட்டது!

அமெரிக்கா பிரிந்து சென்றபோது எடுத்துச் சென்ற காலன் பழைய காலன். எனவே அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர்; ஆங்கிலேயர் பின்னர் வகுத்த காலன் 4.546 லிட்டர். பெயர் ஒன்று, அளவில் ஐந்தில் ஒரு பங்கு வேறுபாடு. பிரான்சின் பழைய சந்தைக் குழப்பம் கடல் கடந்தும் தொடர்ந்தது. 1893-இல் அமெரிக்க அரசு தன் கஜத்தையும் பவுண்டையும் மீட்டரையும் கிலோகிராமையும் கொண்டே வரையறுத்தது. 1959 சூலையில் ஆங்கிலம் பேசும் நாடுகள் கூடி, ஒரு கஜம் 0.9144 மீட்டர், ஒரு பவுண்டு 0.45359237 கிலோகிராம் என்று உறுதி செய்தன. ஓர் அங்குலம் சரியாக 2.54 சென்டிமீட்டர் ஆனது அப்போதே. இன்று அடியில் அளப்பவரும் தம்மை அறியாமல் மீட்டரில்தான் அளக்கிறார்.

நம் மண்ணில்

தமிழகம் அளவைக்குப் புதியதன்று. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று அளந்தவர்கள் நம் முன்னோர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் 'ஆடவல்லான்' என்னும் மரக்காலைக் குறிப்பிடுகின்றன. நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோயில் சுவரில் வெட்டி வைத்த வழக்கமும் இங்கிருந்தது. எவரும் வந்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்பதே அதன் பொருள். பாதியும் பாதியின் பாதியுமாகப் பகுக்கும் நம் முறை, எடைக்கல் இன்றிக் கையாலேயே பங்கிடும் எளியவர்க்கு ஏற்றது. பதினாறை நான்குமுறை பாதியாக்கலாம், பத்தை ஒருமுறைதான். தசம முறை காகிதத்தில் கணக்கிடுபவருக்கு எளிது. பங்கிடும் கைக்குப் பழைய முறை எளிது. இரண்டிலும் அறிவு உண்டு.

பிரான்சில் கோபுரங்கள்மீது நடந்த பணி தமிழ் மண்ணிலும் நடந்தது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, புனித தோமையாரின் நினைவைச் சுமக்கும் பரங்கிமலையருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் அளந்த பெரும் முக்கோண அளவீட்டின் பிறப்பு அது. அவருக்காக இங்கிலாந்திலிருந்து வந்த அரை டன் எடையுள்ள தியோடலைட்டுக் கருவியைப் பகை நாடான பிரான்சின் போர்க்கப்பல் வழியில் கைப்பற்றியது. ஆயினும் அறிவியல் கருவி என்றறிந்து மொரீசியசிலிருந்து அதைச் சென்னைக்கே அனுப்பி வைத்தனர். 1808-இல் அதே கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து மோதிச் சேதமடைந்தது. லாம்டன் மனந்தளராமல் பல வாரங்கள் உழைத்துத் தம் கையாலேயே அதைச் சீர்செய்தார். ஆடவல்லான் மரக்காலைப் பாதுகாத்த கோயில், பூமியையே அளக்க வந்த கருவிக்கும் இடமளித்தது.

விடுதலைக்குப் பின்னும் இந்தியா பிரான்சின் பழைய நிலையில்தான் இருந்தது. சென்னை மணங்கு 25 பவுண்டு, பம்பாய் மணங்கு 28 பவுண்டு, வங்காள மணங்கு 82 பவுண்டுக்கும் மேல். 1956-இல் எடை அளவைத் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 1957 ஏப்ரல் 1 முதல் தசம நாணயமும், 1958 அக்டோபர் முதல் படிப்படியாக மெட்ரிக் எடைகளும் வந்தன. பதினாறு அணாவுக்கு நூறு நயா பைசா. ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா. கால் பைசா நாணயமோ இல்லை. எனவே ஓர் அணாவுக்கு 6 பைசா என்றும், மூன்று அணாவுக்கு 19 பைசா என்றும் அட்டவணை வகுக்கப்பட்டது. ஓரணாப் பொருள் மூன்றைத் தனித்தனியே வாங்கினால் 18 பைசா. சேர்த்து வாங்கினால் 19. எழுத்தறியாத மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நாட்டில், 933 கிராம் சேருக்கும் ஆயிரம் கிராம் கிலோவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சந்தைதோறும் விளக்க வேண்டியிருந்தது. அமைதியாக நடந்தேறிய பெரும் சமூக மாற்றங்களுள் அதுவும் ஒன்று.

எண் மட்டும் பேசாது

மாற்றிக் கணக்கிடுவதில் மூன்று படுகுழிகள் உண்டு. முதலாவது, சுருக்கிக் கொள்வது. ஒரு சென்டு 40.47 சதுர மீட்டர். பின்னத்தை விட்டு 40 என்று வைத்துக்கொண்டால், நூறு சென்டுள்ள ஓர் ஏக்கரில் 47 சதுர மீட்டர், அதாவது ஒரு சென்டுக்கும் மேற்பட்ட நிலம் காகிதத்தில் மறைந்துபோகும். ஏழை உழவருக்கு அந்த ஒரு சென்டு ஒரு வீட்டுமனை.

இரண்டாவது, இல்லாத துல்லியத்தை உண்டாக்குவது. மனித உடலின் சராசரி வெப்பம் 37 டிகிரி செல்சியசு என்று 1868-இல் செருமானிய மருத்துவர் உண்டர்லிக் எழுதினார். அது தோராயமான எண். ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியபோது 98.6 ஆயிற்று. அந்தப் புள்ளி ஆறு, மிக நுட்பமாக அளந்து கண்டதுபோல் தோன்றி, தலைமுறை தலைமுறையாக அன்னையரைக் கவலைப்பட வைத்தது. நலமுள்ளவரின் வெப்பம் ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறும் என்பதே உண்மை.

மூன்றாவது, எதன் அளவு என்று கேளாமலிருப்பது. 1983 சூலை 23 அன்று கனடா நாட்டில் 69 பேருடன் ஒரு பெரிய விமானம் பறந்தது. அந்நாடு மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். எரிபொருள் 22,300 கிலோகிராம் தேவை. தொட்டியில் 7,682 லிட்டர் இருந்தது. லிட்டரை எடையாக மாற்ற 1.77-ஆல் பெருக்கினர். அது பவுண்டுக்கான எண், கிலோகிராமுக்கு 0.8 அளவே. விளைவு: ஏறத்தாழ 20,000 லிட்டர் நிரப்ப வேண்டிய இடத்தில் 5,000 லிட்டருக்கும் குறைவாகவே நிரப்பினர். 41,000 அடி உயரத்தில் இயந்திரங்கள் நின்றன. விமானி பியர்சனின் திறமையால் கிம்லி என்னும் இடத்தில் கைவிடப்பட்ட ஓடுபாதையில் விமானம் மிதந்து வந்து இறங்கியது. ஓர் உயிரும் போகவில்லை. 1999 செப்டம்பரில் செவ்வாயை நெருங்கிய அமெரிக்க விண்கலமோ தப்பவில்லை. ஒரு குழு பவுண்டில் அனுப்பிய விசைக் கணக்கை மற்றொரு குழு நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. 4.45 மடங்கு பிழை, கலம் அழிந்தது. இரு நிகழ்ச்சிகளிலும் பெருக்கல் சரியாகவே இருந்தது. பிறர் சொன்ன எண்ணின் பின்னால் எந்த அளவு நிற்கிறது என்று கேட்க ஒருவரும் இல்லாததே குறை.

ஒரு படி அரிசி எத்தனை கிலோ என்று நம் இல்லங்களில் கேட்டால், எந்த அரிசி என்று பாட்டி திருப்பிக் கேட்பார். கொள்ளளவு வேறு, எடை வேறு. இடையே பொருளின் இயல்பு நிற்கிறது. கனடாவில் விமானத்தருகே அன்று எழுந்திருக்க வேண்டிய கேள்வியும் அதுவே.

2019 மே 20 முதல் கிலோகிராமுக்கு உலோக மூலப்படி இல்லை. 1889 முதல் பாரிசு அருகே பூட்டிக் காக்கப்பட்ட பிளாட்டின இரிடியம் உருளை ஓய்வு பெற்றது. இயற்கையின் மாறாத எண் ஒன்றே இப்போது எடையின் ஆதாரம். அரசனின் பாதத்தில் தொடங்கிய அளவை, எந்த மனிதரும் சொந்தம் கொண்டாட முடியாத இடத்தை அடைந்திருக்கிறது. மூத்தோன் கண்ட கனவு அது. ஆயினும் தராசைத் தூக்கும் கை இன்னும் மனிதக் கைதான். குவித்து வாங்கித் தலைதட்டிக் கொடுக்கும் ஆசையை எந்தச் சட்டமும் எந்த மாறிலியும் அகற்றிவிடாது. நமக்குக் கொடுக்கப்படும்போது எந்தக் கோலை எதிர்பார்க்கிறோமோ, நாம் கொடுக்கும்போதும் அதே கோலை எடுப்போமாயின், அடியும் மீட்டரும் எதுவாயினும் பிழையில்லை.